சிறுநீரகத்தில் 2.6 செ.மீ. கட்டி: எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. வயிற்று வலிக்காக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தபோது, வலி சம்பந்தமாக எதுவும் தெரியவில்லை. ஆனால் வலது சிறுநீரகத்தில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்தோம். 'ஆஞ்சியோமயோலைப்போமா, 2.6 செ.மீ., கொழுப்பு உள்ளது, மைனஸ் 62 ஹெச்.யு.' என்று அறிக்கையில் இருக்கிறது. இப்போது எதுவும் செய்ய வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்கிறார் மருத்துவர். வீட்டில் யாரும் இதை ஏற்கவில்லை. காரணம் என் அண்ணன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய இடது சிறுநீரகத்தில் 5 செ.மீ. கட்டி இருந்தது. புற்றுநோயாக இருக்கலாம் என்று சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த பரிசோதனை முடிவில் 'ஆன்கோசைட்டோமா, புற்றுநோய் அல்ல' என்று இருந்தது. அண்ணனுக்குச் செய்தது வீண்தானா? எனக்கும் அதே கட்டியா? இது பரம்பரையா? கரைக்க மருந்து உண்டா? எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும், கருத்தரிக்கலாமா? நான்கு வயது மகளைத் தூக்கினால் கட்டி வெடித்துவிடும் என்று அம்மா தூக்கவே விடுவதில்லை.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது ஓர் எண்ணை. மைனஸ் 62. அது இருந்ததால்தான் இவ்வளவு தெளிவாக என்னால் பதில் எழுத முடிகிறது.

சி.டி. ஸ்கேன் உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைக் கணக்கிட்டு ஓர் எண் கொடுக்கிறது. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. எலும்புக்கு நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். இந்தக் கருவியை உருவாக்கி 1979இல் நோபல் பரிசு பெற்ற பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் இந்த அளவை ஹெச்.யு. என்று எழுதுகிறார்கள். சிறுநீரகத் திசுவோ, அதில் வரும் புற்றுநோய்க் கட்டிகளோ பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கும். காற்று நிறைந்த நுரையீரல் போன்ற இடங்களை விட்டுவிட்டால், உடலில் மைனஸ் பத்துக்கும் கீழே போகும் திசு கொழுப்பு ஒன்றுதான். சிறுநீரகக் கட்டிக்குள் கொழுப்பு தெளிவாகத் தெரிந்துவிட்டால், அது ஆஞ்சியோமயோலைப்போமா என்று ஊசி போட்டுச் சதை எடுக்காமலேயே சொல்லிவிடலாம். மிக அரிதாகப் புற்றுநோய்க் கட்டியிலும் கொழுப்பு தெரிவதுண்டு. அப்போது பெரும்பாலும் கூடவே சுண்ணாம்புப் படிவும் இருக்கும். உங்கள் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை.

உங்கள் சி.டி. படத்தை ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வயிற்றைச் சுற்றித் தோலுக்கு அடியில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். அது எல்லோருக்கும் இருக்கும் கொழுப்பு. பிறகு வலது சிறுநீரகத்தைப் பாருங்கள். வெளுத்த அவரைவிதை போன்ற அதன் ஓரத்தில், அந்த வளையத்தின் அதே கறுப்பில் ஒரு திட்டு இருக்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். இரண்டு கறுப்பும் ஒன்று என்று தம் கண்ணால் பார்த்த பிறகு அவர்களுடைய முகத்தில் இறுக்கம் தளர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதே கட்டி அல்ட்ராசவுண்டில் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளையை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. சிறிய புற்றுநோய்க் கட்டிகளிலும் கணிசமானவை அல்ட்ராசவுண்டில் அப்படியே வெள்ளையாகத் தெரிவதுண்டு. உங்கள் மருத்துவர் அல்ட்ராசவுண்டோடு நிறுத்தாமல் சி.டி. எடுக்கச் சொன்னது மிகச் சரியான செயல். இதைப் படிக்கிற வேறு யாராவது 'ஸ்கேனில் ஆஞ்சியோமயோலைப்போமா என்று போட்டிருக்கிறது' என்று வெறும் அல்ட்ராசவுண்ட் அறிக்கையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தால், தயவுசெய்து சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கொழுப்பு மிகக் குறைவாக உள்ள வகையும் உண்டு. அவை சி.டி.யிலும் பிடிபடாமல் போகலாம். அவர்களுக்குத்தான் பயாப்சி தேவைப்படும். உங்களுக்குத் தேவையில்லை.

கட்டியின் நீண்ட பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆஞ்சியோ என்றால் இரத்தக்குழாய், மயோ என்றால் தசை, லைப்போமா என்றால் கொழுப்புக்கட்டி. மூன்றும் கலந்து வளர்ந்த ஒன்று, அவ்வளவுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, பெரும்பாலும் நடுவயதில். 'நாளைக்கு இது புற்றுநோயாக மாறுமா?' என்பதுதான் உங்கள் வீட்டாரின் பயம். உங்களுடையது போல் கொழுப்பு நிறைந்த வழக்கமான வகை அப்படி மாறுவதில்லை. எபிதீலியாய்டு என்ற அரிய உள்வகை ஒன்று மட்டும் புற்றுநோய் போல நடந்துகொள்ளக் கூடும். அதில் கொழுப்பு பொதுவாகக் குறைவு. வேகமாக வளர்வது அதன் அடையாளங்களில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

புற்றுநோய் பயத்தில் வீடே மூழ்கியிருப்பதால், உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. இந்தக் கட்டியில் நாங்கள் கவனிப்பது இரத்தக்கசிவை. இதற்குள் ஓடும் இரத்தக்குழாய்கள் சாதாரணக் குழாய்கள் அல்ல. நல்ல தமனியின் சுவரில் நெகிழ்ந்து கொடுக்கும் ஒரு படலம் உண்டு. இவற்றில் அது சரியாக அமைவதில்லை. இரத்த அழுத்தத்தில் சுவர் ஓரிடத்தில் பலூன் போலப் புடைக்கும். அதை அனியூரிசம் என்கிறோம். புடைப்பு பெரிதானால் உடையலாம்; உடைந்தால் சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் தேங்கும். அடிபடாமல் இப்படித் தானாகவே சிறுநீரகத்தில் ஏற்படும் இரத்தக்கசிவுக்கு வுண்டர்லிச் நோய்க்குறி என்று பெயர். காய்ச்சல் வந்தவர்களின் உடல் வெப்பத்தை முறையாக அளந்து பதிவு செய்யும் வழக்கத்தை மருத்துவத்தில் நிலைநிறுத்திய ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச் 1856இல் இதை விவரித்தார்.

யாருக்கு உடையும்? 1980களிலிருந்து 4 செ.மீ. என்ற அளவை எல்லைக்கோடாக வைத்திருந்தோம். அதைத் தாண்டினால் சிகிச்சை, தாண்டாவிட்டால் கண்காணிப்பு. 2002இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு, கட்டியின் அளவைவிட உள்ளே இருக்கும் அனியூரிசத்தின் அளவே துல்லியமான அறிகுறி என்று காட்டியது. அது 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனம் தேவை. அதன் பிறகு நாங்கள் 4 செ.மீ.யை மட்டும் வைத்து யாரையும் அறுவைக்கு அனுப்புவதில்லை. 5 செ.மீ. கட்டியைப் பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமந்து வருகிறவர்கள் உண்டு. ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: 'கட்டிக்குள் அனியூரிசம் தெரிகிறதா?' நரம்பில் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. என்றால், ரேடியாலஜி மருத்துவர் அதே படங்களைத் திரும்பப் பார்த்தே சொல்லிவிடுவார். புதிதாக ஸ்கேன் வேண்டியதில்லை.

இல்லை என்று அவர் சொன்னால், 2.6 செ.மீ. கட்டிக்கு உங்கள் மருத்துவர் சொன்ன கண்காணிப்புதான் சரியான சிகிச்சை. கண்காணிப்பும் ஒரு சிகிச்சைதான் என்பதை வீட்டில் அழுத்திச் சொல்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். உடலில் இருக்கக் கூடாத ஒன்றை எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2.6 செ.மீ. கட்டிக்காக அறுவைசிகிச்சை செய்யும்போது, அதைச் சுற்றியுள்ள நல்ல சிறுநீரகத் திசுவும் கொஞ்சம் போகும், மயக்க மருந்து உண்டு, இரத்தப்போக்கு உண்டு, தழும்பு உண்டு. தீங்கு செய்யாமல் இருக்கும் வாய்ப்பே அதிகமுள்ள ஒன்றுக்கு இவ்வளவு விலை கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வருடாந்திர ஸ்கேனைப் பற்றி ஒரு சொல். முடிந்தவரை ஒரே இடத்தில், முந்தைய படங்களைக் கையோடு கொண்டுபோய் எடுங்கள். அளப்பவர் கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார் என்பதிலேயே இரண்டு மூன்று மி.மீ. மாறும். 2.6 என்பது அடுத்த ஆண்டு 2.8 என்று வந்தால் வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பரம்பரை நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டி பெரும்பாலும் மிக மெதுவாகவே வளர்கிறது, பலருக்கு வளர்வதே இல்லை. இனிமேல் அல்ட்ராசவுண்ட் போதும். ஒவ்வொரு முறையும் சி.டி. எடுத்துக் கதிர்வீச்சை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

ஒருவேளை அனியூரிசம் இருந்தாலோ, கட்டி நன்றாக வளர்ந்தாலோ அப்போதும் நேராகக் கத்தியை எடுப்பதில்லை. எம்போலைசேஷன் என்று ஒரு முறை உண்டு. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளைக்குழாயை மட்டும் தேடிப்பிடித்து அடைப்பார்கள். சிறுநீரகத்தின் மற்ற பகுதிக்கு இரத்தம் வழக்கம்போல் ஓடும். செய்த பிறகு சில நாட்கள் காய்ச்சலும் விலாவலியும் வருவது சகஜம். கிருமித்தொற்று என்று பதற வேண்டாம், ஆனால் மருத்துவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் கட்டி இன்னும் தெரிகிறதே என்று ஏமாற்றத்தோடு வருகிறவர்கள் பலர். இரத்தக்குழாயும் தசையும் சுருங்கிவிடும், கொழுப்பு அப்படியே தங்கிவிடும். கசியக்கூடிய பகுதி போய்விட்டதால் மிஞ்சிய கொழுப்பால் கெடுதல் இல்லை. சிலருக்குக் குழாய்கள் மறுபடி திறந்துகொண்டு இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும். அறுவைதான் வழி என்று ஆனால், கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் பகுதி அறுவைசிகிச்சையைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கரைக்கும் மருந்து கேட்டிருக்கிறீர்கள். எவரோலிமஸ் என்ற மாத்திரை உண்டு. அது டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்ற மரபணு நோயால் இந்தக் கட்டி வந்தவர்களுக்கு. அமெரிக்காவில் 2012இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. 118 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்டவர்களில் பத்துக்கு நான்கு பேருக்குக் கட்டியின் கன அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. நிறுத்தினால் மறுபடி வளர்கிறது. வாய்ப்புண், கொழுப்புச்சத்து ஏறுதல், எளிதில் தொற்று வருதல் போன்ற தொல்லைகள் உண்டு; கருத்தரிக்க நினைக்கும்போது எடுக்கக் கூடாது. 2.6 செ.மீ. ஒற்றைக் கட்டிக்கு இது தேவையே இல்லை. சிறுநீரகக் கல்லைக் கரைப்பதாகச் சொல்லி விற்கும் சூரணங்களையும் கஷாயங்களையும் 'கட்டிக்கும் ஆகும்' என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். கல் வேறு, கட்டி வேறு. அவற்றில் சில, நன்றாக இயங்கும் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நீங்கள் காப்பாற்ற வேண்டியது அந்தச் சிறுநீரகத்தைத்தான்.

இனி டியூபரஸ் ஸ்கிளீரோசிஸைப் பற்றி. இந்தக் கட்டி உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு அது தனியாக வந்ததே, பரம்பரைத் தொடர்பு இல்லை. மீதிப் பேரில் பெரும்பாலோருக்குப் பின்னணியில் இந்த நோய் இருக்கும். அவர்களுக்குக் கட்டிகள் பொதுவாக இரண்டு சிறுநீரகங்களிலும் பலவாக, இளவயதிலேயே தோன்றும். நீங்கள் இன்னொரு குழந்தையைப் பற்றி யோசிப்பதால், இதை ஒரு முறை உறுதி செய்துவிடுவது நல்லது. சிறுவயதில் வலிப்பு வந்ததா? உடலில் இலை வடிவத்தில் வெளிறிய திட்டுகள் உண்டா? மூக்கைச் சுற்றிக் கன்னங்களில் சின்னச் சின்னச் சிவந்த பருக்கள் நிரந்தரமாக இருக்கின்றனவா? நக ஓரங்களில் சதை வளர்கிறதா? காரணமில்லாமல் மூச்சு வாங்குகிறதா, நுரையீரல் சுருங்கியதாக எப்போதாவது சொன்னார்களா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் அநேகமாகக் கவலை இல்லை. ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். அந்த நோய் உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு.

கர்ப்பத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டி வளர்ந்து கசிந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. அப்போது இரத்த ஓட்டம் பெருகுகிறது, ஹார்மோன்கள் மாறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெரிய கட்டிகள். அனியூரிசம் இல்லாத 2.6 செ.மீ. கட்டி, கருத்தரிப்பதற்குத் தடை அல்ல. கருத்தரிக்கும் முன் ஒரு ஸ்கேன் எடுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன்களிலேயே சிறுநீரகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பெரிய கட்டி இருக்கும் பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே எம்போலைசேஷன் செய்துவிடுவது பற்றி யோசிப்போம். உங்களுக்கு அந்த நிலை இல்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லி, வேறு வழி உண்டா என்று கேளுங்கள்.

அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரிகளை இரண்டு முறை படித்தேன். 'வீண்தானா' என்ற சொல் மனத்தை வருத்தியது. பயிற்சிக் காலத்தில் அறுவை அரங்கில் நின்றபோது, எடுத்த கட்டியை மேசையில் வைத்துக் குறுக்கே வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகப் புற்றுநோய் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அன்று வெட்டிய முகம் தேக்குப்பலகைபோல் ஒரே சீரான பழுப்பு. நடுவில் நட்சத்திர வடிவில் வெண்மையான தழும்பு. அறுவை செய்தவர் அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். அது ஆன்கோசைட்டோமா என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சிறுநீரகம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது.

அவர் கவனக்குறைவானவர் அல்ல. ஆன்கோசைட்டோமாவும், குரோமோஃபோப் என்ற வகைப் புற்றுநோயும் சி.டி.யில் உடன்பிறப்புகளைப் போல இருக்கும். அந்த நட்சத்திரத் தழும்பு ஸ்கேனில் எல்லோருக்கும் தெரிவதில்லை, தெரிந்தாலும் நம்பிவிட முடியாது. உங்கள் கட்டியில் கொழுப்பு இருந்து நம்மைக் காப்பாற்றியது. அண்ணனுடைய கட்டியில் அப்படி ஓர் அடையாளம் இல்லை. 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளை அறுவை செய்து பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தீங்கற்றதாக இருந்திருக்கிறது. 5 செ.மீ. கட்டி என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆகவே கட்டியை எடுத்த முடிவைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். முழுச் சிறுநீரகத்தையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்திருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. கட்டி நடுவில், பெரிய குழாய்களை ஒட்டி இருந்தால் முடியாது. ஓரத்தில் இருந்தால் பெரும்பாலும் முடியும். அண்ணனின் பழைய படங்களைப் பார்க்காமல் அதற்கு நான் பதில் சொல்வது சரியல்ல.

இன்று கொழுப்பில்லாத கட்டியோடு வருகிறவர்களிடம், 'பயாப்சி முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?' என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன். ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது; உறைபோன்ற ஒரு வெளிக்குழாய்க்குள் ஊசியைச் செலுத்தி எடுக்கும் இன்றைய முறையில் அது மிக மிக அரிது. பயாப்சியும் எல்லாம் அறிந்தது அல்ல. சிலருக்குப் போதுமான திசு கிடைக்காது, சிலருக்கு ஆன்கோசைட்டோமாவையும் குரோமோஃபோப்பையும் பிரித்துச் சொல்ல முடியாமல் அறிக்கை தயங்கும். இருந்தும், வயதானவர்களுக்கும் ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆன்கோசைட்டோமா என்று தெரிந்த பிறகு அறுவை இல்லாமல் கண்காணிப்பிலேயே இருக்கிறவர்கள் உண்டு.

அண்ணனிடம் இரண்டு விஷயங்கள் கேளுங்கள். முகத்திலும் கழுத்திலும் தோல் நிறத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் நிறைய இருக்கின்றனவா? அவருக்கோ குடும்பத்தில் வேறு யாருக்கோ நுரையீரல் திடீரென்று சுருங்கியதுண்டா? இருந்தால் பர்ட்-ஹாக்-டூபே என்ற அரிய பரம்பரை நோயைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், ஒற்றை ஆன்கோசைட்டோமா பெரும்பாலும் பரம்பரையானது அல்ல. அவருக்கு வந்தது ஒரு வகை, உங்களுக்கு வந்தது முற்றிலும் வேறு வகை. ஒரே வீட்டில் இரண்டும் வந்தது தற்செயலாகவே இருக்கும். அவர் இனி மீதமிருக்கும் சிறுநீரகத்தைக் கண்போல் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஆண்டுதோறும் இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம், சர்க்கரை. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடையில் தானாக வலிமாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் சி.டி. அறிக்கையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணவரின் கைபேசியிலும் இருக்கட்டும். வலது விலாவில் திடீரென்று கடுமையான வலி, சிறுநீரில் இரத்தம், கண் இருட்டி மயக்கம், குளிர்ந்த வியர்வை, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக 'எனக்குச் சிறுநீரகத்தில் ஆஞ்சியோமயோலைப்போமா இருக்கிறது' என்று சொல்லுங்கள். கல்வலி என்று ஊசி போட்டு அனுப்பிவிடாமல் உடனே ஸ்கேன் எடுக்க அந்த ஒரு வாக்கியம் போதும். உங்களுக்கு இது நடக்கும் என்று சொல்லவில்லை. இந்த அளவில் வாய்ப்பு மிகக் குறைவு. பின்னாளில் வேறு நோய்க்காக இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து யாராவது எழுதினால், அவர்களிடமும் இந்தக் கட்டியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் பயம் பாசத்தில் வந்தது. சிறுநீரகம் முதுகுப்புறம், கடைசி விலா எலும்புகளுக்கு உட்புறம், தடித்த தசையின் மேல் கொழுப்பு மெத்தைக்குள் படுத்திருக்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் எடை அங்கே போய் அழுத்துவதில்லை. பெரிய கட்டி உள்ளவர்களுக்குத்தான், விலாவில் பலமாக அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்கிறோம். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அதன் பிறகு மகளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.